ஏற்காட்டுத் தோட்டத்துக்கு ஒரு சொகுசு ஆஃப்-ரோடர்: புதிதோ பழையதோ, வாங்குவதற்கு முழு வழிகாட்டி

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் என் பெரியப்பாவுக்குக் காபித் தோட்டம் இருக்கிறது. தோட்டத்து கேட்டின் இரண்டு கல்தூண்களுக்கும் நடுவே ஏழரை அடி இடைவெளி. ஒருநாள் அவர் போன் செய்து, "தம்பி, டிஃபெண்டர் வாங்கலாம்னு இருக்கேன், நீ வந்து கூட நில்லு" என்றார். நான் ஷோரூமுக்குப் போகவில்லை. டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தக் கேட்டுக்குப் போனேன். லேண்ட் ரோவரின் டிஃபெண்டர் 110 கண்ணாடிகளை விரித்த நிலையில் சுமார் 2.1 மீட்டர் அகலம். ஏழரை அடி என்பது 2.28 மீட்டர். பக்கத்துக்கு மூன்றரை அங்குலம்தான் மிஞ்சும். அதுவும் கேட் நேராக இல்லை, ஏற்றத்தில் திரும்பும் இடத்தில் இருக்கிறது.

சொகுசு ஆஃப்-ரோடர் வாங்குகிறவர்கள் பலரும் வண்டியில் ஆரம்பித்துச் சாலைக்கு வருகிறார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வண்டி வைத்திருக்கப் போகிறவர்கள் சாலையில் ஆரம்பித்து வண்டிக்கு வர வேண்டும். இது ஒரு கோடி, இரண்டு கோடி ரூபாய் விஷயம். நாற்பது ரூபாய் டேப்பில் தெரிந்துவிடும் உண்மையைக் கையெழுத்துப் போட்ட பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது.

முதல் வேலை: உங்கள் சாலையை அளப்பது

ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து ஏற்காடு போக ஆஃப்-ரோடர் தேவையே இல்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அரசுப் பேருந்து தினமும் ஏறி இறங்குகிறது. சின்ன ஹேட்ச்பேக்கும் ஏறுகிறது. வாரக் கடைசியில் படகுத்துறைக்கும் பகோடா பாயிண்டுக்கும் போய் வருவதுதான் உங்கள் தேவை என்றால், நல்ல பிரேக்கும் நல்ல டயரும் உள்ள எந்தக் காரும் போதும்.

தார் ரோடு முடிகிற இடத்துக்கு அப்புறம்தான் தேவை ஆரம்பிக்கிறது. தோட்டத்துக்குள் போகும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வளையும் செம்மண் பாதை, கல் பாவிய ஏற்றம், மழைநீர் அறுத்த குறுக்குச் சால் எல்லாம் அங்கேதான். அந்தப் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். முடிந்தால் அக்டோபர், நவம்பர் மழையில் நடந்து பாருங்கள். ஒரு நோட்டில் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மிகக் குறுகிய இடத்தின் அகலம், ஒரே வீச்சில் திரும்ப முடியாத வளைவுகள் எத்தனை, மிகச் செங்குத்தான இடத்தில் தரை மண்ணா கல்லா, நடுவில் துருத்தி நிற்கும் பாறையின் உயரம், ஓடை குறுக்கிட்டால் மழையில் தண்ணீர் முழங்காலுக்கு வருமா என்பது. வாங்கப்போகும் வண்டியின் பட்டியல் இந்த ஒரு பக்கக் குறிப்பிலிருந்துதான் பிறக்கும்.

குப்பனூர் வழியாக ஏறுகிறவர்கள் அந்தச் சாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரதான மலைப்பாதையைவிட அது குறுகல். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு வழி அடைபட்டால் மறு வழியிலும் போகக்கூடிய வண்டி வேண்டும்.

எந்த எண்ணைப் பார்ப்பது

விளம்பரப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் இருப்பது தண்ணீரில் இறங்கும் ஆழமும் குதிரைத் திறனும். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும் அமைப்பு) உள்ள டிஃபெண்டர் 900 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும். மெர்சிடிஸ் ஜி-கிளாஸும் டொயோட்டா லேண்ட் குரூசர் 300-உம் 700 மில்லிமீட்டர். நல்ல விஷயம்தான். ஆனால் நம் மலையில் 900 மில்லிமீட்டர் தண்ணீர் ஓடும் இடத்தில் நீங்கள் வண்டியை இறக்கவே கூடாது. கீழே கல் உருள்கிறதா, பள்ளம் விழுந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

நம் பாதைகளில் தினமும் வேலை செய்யும் எண்கள் வேறு. முதலாவது அகலம். லேண்ட் குரூசர் 300-இன் உடல் அகலம் 1.98 மீட்டர், டிஃபெண்டர் கண்ணாடி இல்லாமல் 2 மீட்டர், ஜீப் ராங்லர் சுமார் 1.9 மீட்டர், டொயோட்டா ஃபார்ச்சூனர் 1.855 மீட்டர். ஏட்டில் ஒரு ஜாண்கூட வித்தியாசம் இல்லை. தோட்டப் பாதையில் எதிரே பிக்கப் வந்தால் அந்த ஒரு ஜாண்தான் பேச்சு.

இரண்டாவது திரும்பும் வட்டம். லேண்ட் குரூசர் 300-இன் திரும்பும் ஆரம் 5.9 மீட்டர், அதாவது வட்டம் 11.8 மீட்டர். டிஃபெண்டர் 110-க்கு 12.8 மீட்டர். ஜி-கிளாஸுக்கு 13 மீட்டருக்கு மேல். தோட்டத்துக்குள் ஒரு கொண்டை ஊசியில் ரிவர்ஸ் எடுக்காமல் திரும்ப முடிகிறதா என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. பள்ளத்தின் ஓரத்தில், மழையில், பின்னால் ஒன்றும் தெரியாமல் ரிவர்ஸ் எடுத்தவர்களுக்கு ஒரு மீட்டரின் மதிப்பு தெரியும்.

மூன்றாவது, லோ ரேஞ்ச் இருக்கிறதா இல்லையா. இதில் சமரசமே வேண்டாம். லோ ரேஞ்ச் என்பது, எஞ்சின் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் இன்னொரு பல்சக்கர ஜோடி. வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்கும். ஏறும்போது அது உதவுவதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இறங்கும்போதுதான் அதன் அருமை தெரிந்தது. ஈரச் செம்மண் சரிவில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டுக் காலை எடுத்துவிட்டால், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு நடைவேகத்தில் இறக்கும். பி.எம்.டபிள்யூ எக்ஸ்5, ஆடி கியூ7 எல்லாம் அருமையான வண்டிகள், நான்கு சக்கரமும் இழுக்கும், ஆனால் லோ ரேஞ்ச் கிடையாது. நெடுஞ்சாலைக்கு அவை. தோட்டத்துக்கு அல்ல.

நான்காவது ரிம்மின் அளவு. 20, 22 அங்குல ரிம்மில் வண்டி கம்பீரமாக நிற்கும், ஆனால் டயரின் பக்கச்சுவர் ஒல்லியாகிவிடும். கல் பாதையில் அது வெடிக்கும் அல்லது ரிம் வளையும். கிடைக்கிற மிகச் சிறிய ரிம்மைக் கேளுங்கள், 18 அங்குலம் இருந்தால் அதுவே சிறப்பு. ஸ்டெப்னி முழு அளவில் இருக்க வேண்டும். மெலிந்த தற்காலிக ஸ்டெப்னியோடு வரும் வண்டியை ஆஃப்-ரோடர் என்று விற்றாலும் வாங்காதீர்கள்.

தரை இடைவெளி, முன்பக்க ஏறுகோணம், வயிறு தட்டாத கோணம் எல்லாம் இந்த வகை வண்டிகளில் நம் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. அதில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டியலைச் சுருக்குவது

லேண்ட் குரூசர் 300, ஜி-கிளாஸ், ராங்லர் மூன்றும் லேடர் பிரேம் வண்டிகள். ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் உடல் உட்கார்ந்திருக்கும். இப்போதைய டிஃபெண்டர் அப்படி அல்ல. உடலும் சட்டமும் ஒன்றாகவே அமைந்த அலுமினியக் கட்டு. அதனால் பலவீனம் என்று நினைக்க வேண்டாம், நெடுஞ்சாலையில் அது மிக நிதானமாக ஓடும்.

ராங்லரின் ரூபிகான் வகையில் முன்னும் பின்னும் டிஃப் லாக் (இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் பூட்டு), 4-க்கு 1 என்ற மிகத் தாழ்ந்த லோ ரேஞ்ச். கரடுமுரடில் இதை மிஞ்சுவது கடினம். ஆனால் இங்கே பெட்ரோலில் மட்டும்தான் வருகிறது, பெங்களூரு நெடுஞ்சாலையில் காற்றுச் சத்தம் உள்ளே கேட்கும். ஜி-கிளாஸில் மூன்று டிஃப் லாக், விலையோ தனி உலகம். லேண்ட் குரூசர் டீசல், 3.3 லிட்டர் வி6. இருபது வருடம் வைத்திருக்க நினைப்பவருக்கு அதுதான் என் பதில். ரீசேல் விலையும் அவ்வளவு எளிதில் விழாது. டிஃபெண்டர் நெடுஞ்சாலைக்கும் தோட்டத்துக்கும் நடுவே நல்ல சமநிலை, அகலம் மட்டும்தான் கவலை.

சொகுசு என்ற சொல்லை விட்டுவிடத் தயாரானால், ஃபோர்-பை-ஃபோர் ஃபார்ச்சூனர் இந்த மலையின் வேலை அத்தனையும் செய்யும். பெரியப்பாவிடமும் இதைச் சொன்னேன். "அது தெரியும் தம்பி, ஆனா இது என் அறுபது வயசு ஆசை" என்றார். ஆசைக்கு வாங்குவதில் தவறே இல்லை. அது ஆசை என்று தெரிந்து வாங்கினால் கணக்கும் தெளிவாக இருக்கும்.

டீசலா பெட்ரோலா என்பதற்கு ஒரு வார்த்தை. பி.எஸ்.6 என்ற புகை விதிப்படி வரும் டீசல் வண்டியில் புகையை வடிகட்டும் டி.பி.எஃப். இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க அவ்வப்போது நல்ல வேகத்தில் அரைமணி நேர நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். வாரம் முழுவதும் சேலத்துக்குள் அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் நடுவே மட்டும் ஓடினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மாதத்துக்கு இரண்டு முறையாவது கோயம்புத்தூரோ பெங்களூரோ போகிறவருக்கு டீசல். நகரத்துக்குள்ளேயே சுற்றுகிறவருக்குப் பெட்ரோல். புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்புளூ என்ற திரவத்தை ஊற்றும் வேலையும் டீசலுக்கு மட்டும்தான்.

புதியது என்றால் கணக்கு

எக்ஸ்-ஷோரூம் விலையை மனதில் வைத்துக்கொண்டு போய் ஆன்-ரோடு விலையில் அதிர்ச்சி அடைகிறவர்கள் நிறைய. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யூ.வி.க்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். முன்பு 28 சதவீத வரியும் 22 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 50 ஆக இருந்தது. அதனால் அதற்கு முந்தைய விலைப் பட்டியல், யூடியூப் வீடியோ எதையும் நம்ப வேண்டாம், புதிதாகக் கோட்டேஷன் வாங்குங்கள். இந்த வரி எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே வந்துவிடும்.

அதற்கு மேல் தமிழ்நாட்டின் வாழ்நாள் வரி. 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 20 சதவீதம். ஒரு கோடி ரூபாய் வண்டிக்கு இது மட்டும் சுமார் 20 லட்சம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வரியான டி.சி.எஸ். 1 சதவீதம் பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அப்புறம் இன்சூரன்ஸ். புதிய காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தருவது), எஞ்சின் புரொடெக்ட், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி திருடுபோனாலோ முழுதாக அழிந்தாலோ பில் விலையைத் தருவது) மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து பிஸ்டன் ராடு வளைந்தால், எஞ்சின் புரொடெக்ட் இல்லாத பாலிசி பொதுவாகப் பைசா தராது.

இதோடு ஐந்து வருடத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி, சர்வீஸ் பேக்கேஜ் இரண்டையும் வாங்கும் அன்றே விலை பேசுங்கள். பேரம் அன்றைக்குத்தான் நடக்கும்.

டெஸ்ட் டிரைவ் வண்டியை உங்கள் தோட்டத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். இந்த விலைக்கு வாங்குகிறவருக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. ஷோரூம் வாசலில் இரண்டு தெரு சுற்றிவந்து ஒன்றும் தெரியாது. டெலிவரிக்கு முன்பு வண்டியின் உற்பத்தி மாதத்தைப் பாருங்கள், கதவு ஓரத்துத் தகட்டில் இருக்கும். எட்டு மாதம் யார்டில் நின்ற வண்டி என்றால் விலை குறைத்துக் கேட்கலாம், டயரையும் பேட்டரியையும் கூடுதலாகச் சோதிக்கலாம்.

முன்னால் பெரிய இரும்புக் கம்பி போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்குத் தடை போட்டுவிட்டது. கம்பெனி வடிவமைப்பை மாற்றுவது சட்டப்படி செல்லாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. வாரண்டிக்கும் அது கேடு.

சர்வீஸ் எவ்வளவு தூரம்

சேலத்திலிருந்து கோயம்புத்தூர் 160 கிலோமீட்டர் அளவில், பெங்களூரு 200, சென்னை 340. நீங்கள் நினைக்கும் பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் இதில் எந்த ஊரில் என்று பாருங்கள். பிறகு அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஏற்காடு வரை பிளாட்பெட் லாரி (வண்டியை முழுதாக மேலே ஏற்றிப்போகும் லாரி) அனுப்புவீர்களா? பிரேக் பேட், சஸ்பென்ஷன் பாகங்கள் கைவசம் இருக்குமா, எத்தனை நாளில் வரும்? வண்டி அங்கே நிற்கும் நாட்களில் மாற்று வண்டி உண்டா?

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகக் கூடாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் கெட்டுவிடும். பிளாட்பெட்தான் ஒரே வழி. உள்ளூரில் தெரிந்த ரிக்கவரிக்காரர் பிளாட்பெட் வைத்திருக்கிறாரா என்று இப்போதே கேட்டு அவர் நம்பரைப் போனில் பதிந்துவையுங்கள்.

பழையது: முதலில் காகிதம்

சொகுசு வண்டிகள் முதல் மூன்று நான்கு வருடத்தில் மளமளவென்று விலை இறங்கும். லேண்ட் குரூசர் போன்ற ஒன்றிரண்டு மட்டும் விதிவிலக்கு. அதனால் மூன்று நான்கு வயதான வண்டியை வாங்குவது புத்திசாலித்தனமான முடிவுதான், நானும் அதைத்தான் பலருக்குச் சொல்கிறேன். ஆனால் வண்டியின் விலை குறைகிறதே தவிர, உதிரிபாகத்தின் விலை குறைவதில்லை. ஒரு கோடி ரூபாய் வண்டியை 45 லட்சத்துக்கு வாங்கினாலும் ஏர் சஸ்பென்ஷன் ஒரு கோடி ரூபாய் வண்டியுடையதுதான்.

பழைய வண்டியில் வண்டியைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பளபளப்பைப் பார்த்து மனசு விழுந்த பிறகு காகிதத்தில் இருக்கும் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது.

பதிவு எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். இ-சலான் பாக்கியையும் தனியாகப் பாருங்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் முழு சர்வீஸ் வரலாறு கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் குறித்த கிலோமீட்டரும் இப்போதைய மீட்டரும் ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: நோ கிளைம் போனஸ். கிளைம் இல்லாத வருடங்கள் கூடக்கூட அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். கிளைம் செய்தால் அடுத்த முறை சுழியத்துக்கு இறங்கும். ஐந்து வயது வண்டி, ஒரே உரிமையாளர், "ஒரு கீறல்கூட விழலை சார்" என்கிறார், பாலிசியிலோ போனஸ் சுழியம் என்றால், என்ன கிளைம் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வெளிமாநில வண்டி என்றால் இன்னும் நிதானம் வேண்டும். டெல்லிப் பகுதியில் 10 வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து, வயதான டீசல் சொகுசு வண்டிகள் மலிவு விலையில் தெற்கே வருகின்றன. அந்த விலையோடு இவற்றையும் கூட்டுங்கள்: அந்த ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28. இங்கே வண்டியின் வயதுக்கேற்ற தமிழ்நாட்டு வாழ்நாள் வரி. மறுபதிவு. அங்கே கட்டிய வரியைத் திரும்பப் பெறும் அலைச்சல். இதையெல்லாம் கூட்டினால் பல நேரம் டி.என். 27, 30, 54, 90 என்று நம் ஊர் எண்ணோடு இருக்கும் வண்டியே மலிவாகத் தெரியும்.

லேண்ட் குரூசர், பிராடோ போன்ற பழைய இறக்குமதி வண்டிகளில் இன்னொரு ஆபத்து. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை 'நும்கோர்' என்ற பெயரில் சோதனை நடத்தியது. பூட்டானிலிருந்து வரி கட்டாமல் கொண்டுவந்து வெளிமாநிலங்களில் பதிவு செய்யப்பட்டவை என்று சந்தேகித்துப் பல சொகுசு எஸ்.யூ.வி.க்களைப் பறிமுதல் செய்தது. அப்படிப்பட்ட வண்டியைக் காசு கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவரும் விசாரணைக்குப் போய் நிற்க வேண்டும். அதனால் இறக்குமதி வண்டிக்கு சுங்கத்தின் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி ஆவணம்) நகல் இல்லாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள். ஆர்.சி. புக் மட்டும் போதாது.

பிறகு இரும்பு

சில வருடங்களுக்கு முன், வேறொரு ஊரில், உறவினர் ஒருவருக்காக ஒரு வண்டியைப் பார்க்கப் போனேன். ஆறு வயது, குறைந்த கிலோமீட்டர், தோல் இருக்கைகள் புதிதுபோல இருந்தன. காகிதமும் சரி. பின் இருக்கையின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். சாதாரணமாக வெளியே வராத அந்தக் கடைசிப் பகுதியில் பழுப்பாக ஒரு கோடு. விற்கிறவர், "வாட்டர் சர்வீஸ் பண்ணறப்போ நனைஞ்சிருக்கும்ங்க" என்றார். மிதியடியைத் தூக்கி, இருக்கையை இறுக்கியிருக்கும் போல்ட்டைத் தடவினேன், துரு கையில் ஒட்டியது. ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தின் மூலையில் காய்ந்த வண்டல். வெள்ளத்தில் நின்ற வண்டி. உறவினர் அதற்குள் முன்பணம் கொடுத்திருந்தார், அதைத் திரும்ப வாங்க நான்கு மாதம் ஆனது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டிலும் விலையுயர்ந்த வண்டிகள் எத்தனையோ மூழ்கின. சுத்தம் செய்து ஓடவைத்துவிடலாம். ஆனால் இந்த வண்டிகளில் இருக்கைக்கு அடியிலும் தரைவிரிப்புக்கு அடியிலும் கம்ப்யூட்டர்களும் வயர்களும் ஓடுகின்றன. இன்று வேலை செய்யும், அடுத்த மழைக்காலத்தில் ஒவ்வொன்றாகப் போகும்.

வண்டியைத் தூக்கிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். லிப்ட் உள்ள பட்டறையில், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கோடு பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸிலும் முன், பின் டிஃபரன்ஷியலிலும் எண்ணெய் கசிவு இருக்கிறதா? அடிக்காப்புத் தகட்டில் கீறல் இருந்தால் பயப்பட வேண்டாம், அது வேலை செய்த வண்டி. ஆனால் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் வளைந்திருந்தால், பிரேமில் வெல்டிங் தெரிந்தால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். அடியில் புதிதாகக் கறுப்பு பூச்சு அடித்திருந்தால் எதை மறைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள எந்த வண்டியையும் ராத்திரி ஒரே மட்டத்தில் நிறுத்தச் சொல்லி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போய்ப் பாருங்கள். நான்கு மூலையிலும் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்புவரை டேப்பால் அளங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் சஸ்பென்ஷனின் காற்றுப் பை கசிகிறது. ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் நீண்ட நேரம் ஓடினால் அதுவும் களைத்துவிட்டது. இரண்டும் லட்சக் கணக்கில் போகும் வேலை.

டயர் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு தேய்ந்தது என்றால் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுழலும், அந்தச் சுமை முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் விழும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பிறகு ஸ்கேனர் மாட்டிப் பிழைக் குறிப்புகளைப் படிக்கச் சொல்லுங்கள். குறிப்பு ஒன்றுகூட இல்லை, எல்லாம் நேற்றுதான் அழிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டினால் அதுவும் ஒரு செய்தி.

மலையில் ஓட்டிப் பார்ப்பது

சேலத்துக்காரர்களுக்கு வாய்த்த பெரிய வசதி இது. வேறு ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத சோதனைக்களம் நமக்கு நகரத்தை ஒட்டியே இருக்கிறது. விடியற்காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள், சுற்றுலா வண்டிகள் ஏறுவதற்கு முன்பே போய்விடலாம். வாரநாளாக இருக்கட்டும். மேலே காட்டெருமை சாலையில் நிற்கும் நேரமும் அதுதான், பார்த்து ஓட்டுங்கள்.

எஞ்சின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, கோரிமேடு வழியாக அடிவாரம்வரை மெதுவாகப் போங்கள். ஏற்றத்தில் ஏ.சி. முழுதாகப் போட்டுக்கொள்ளுங்கள். வெப்பமானி நகர்கிறதா, கியர் மாறும்போது உதைக்கிறதா, டர்போ இழுவை நடுவில் விட்டுவிட்டு வருகிறதா என்று கவனியுங்கள். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது முன் சக்கரத்திலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

மேலே போனதும் அனுமதி பெற்ற ஒரு மண் பாதையில் லோ ரேஞ்ச் போட்டுப் பாருங்கள். நிறுத்தி, நியூட்ரலில் வைத்துப் போட வேண்டும். விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்காமல் நிலையாக எரிய வேண்டும். டிஃப் லாக்கையும் மண்ணில்தான் சோதிக்க வேண்டும், தார் ரோட்டில் போட்டுத் திருப்பினால் நீங்களே அதை உடைத்துவிடுவீர்கள். பல பழைய சொகுசு ஆஃப்-ரோடர்களில் இந்த இரண்டையும் முதல் உரிமையாளர் ஒருமுறைகூடத் தொட்டிருக்க மாட்டார். வருடக்கணக்கில் அசையாத மோட்டார் இறுகிப்போயிருக்கும்.

இனிமேல்தான் முக்கியமான பகுதி: இறக்கம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500. இரண்டரை டன் வண்டி 1,200 மீட்டர் கீழே இறங்கும்போது சுமார் 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தியை எங்காவது கரைத்தாக வேண்டும். எஞ்சின் பிரேக்கிங்கில் கரையவில்லை என்றால் அவ்வளவும் பிரேக் டிஸ்கில் சூடாக இறங்கும். அடிவாரத்தில் நின்றால் இறங்கிவரும் வண்டிகளிடமிருந்து வரும் அந்தக் கருகல் வாடை இதுதான்.

இரண்டாவது மூன்றாவது கியரைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். கியர் சொன்னபடி நிற்கிறதா, அல்லது தானாக மேலே ஏறிவிடுகிறதா என்று பாருங்கள். நடுவில், பாதுகாப்பான நேரான இடத்தில் நன்றாக ஒரு பிரேக் போடுங்கள். ஸ்டீயரிங் உதறினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனால் பிரேக் ஆயில் பழசாகி ஈரம் ஏறியிருக்கிறது. அடிவாரத்தில் நிறுத்தி இறங்கி, நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையை ஒரு அடி தள்ளிக் காட்டுங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அதன் டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் காலிப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டியை நிறுத்திய இடத்தில் பத்து நிமிடம் கழித்துத் தரையையும் பாருங்கள். சூடான எஞ்சின்தான் சொட்டும்.

இந்த ஒரு காலைப் பயணத்தைச் செய்ய விற்கிறவர் மறுத்தால், எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும், அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

பணம் கைமாறும்போது

பணம் முழுவதும் வங்கி வழியாக. உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து. கடன் இருந்தது என்றால் வங்கியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-உம். விற்கிறவர் பெயரிலேயே வண்டி ஓடட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழையவரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும்.

வாங்கிய பிறகு

பழைய வண்டி என்றால் விற்றவர் என்ன சொன்னாலும் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், இரண்டு டிஃபரன்ஷியல் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். இதற்காகவும் முதல் வருடத்தில் வரும் எதிர்பாராத வேலைக்காகவும் வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைத்துவிட்டுத்தான் பழையதை வாங்க வேண்டும் என்பது என் கணக்கு. அந்தப் பணம் இல்லை என்றால் ஒரு படி சிறிய வண்டியைப் பாருங்கள்.

ஆஃப்-ரோடர் கையில் வந்ததும் காட்டுக்குள் ஓட்டத் தோன்றும். சேர்வராயன் மலையின் காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றி வண்டியை இறக்குவது வனச் சட்டப்படி குற்றம். அதைவிட, அந்த மண் ஒருமுறை சக்கரத்தில் அறுபட்டால் அடுத்த மழையில் ஓடையாகிவிடும். சொந்தத் தோட்டம், அல்லது தோட்டக்காரர் சம்மதம் தந்த பாதை. அவ்வளவுதான். காபிப் பழம் பறிக்கும் டிசம்பர், ஜனவரியில் பாதையில் ஆட்கள் கூடையோடு நடப்பார்கள், அப்போது நடைவேகத்துக்கு மேல் வேண்டாம்.

பெரியப்பா கடைசியில் நான்கு வயது ராங்லர் ஒன்றை வாங்கினார். கேட்டுக்குள் தாராளமாக நுழைகிறது. டிக்கியில் ஒரு காற்று பம்பு, காற்றழுத்தமானி, இழுவைப் பட்டை, அதை மாட்டும் ஷாக்கிள் என்ற இரும்பு வளையம் இரண்டு, ஒரு மண்வெட்டி வைத்திருக்கிறார். மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஓட்டுநரையும் கூட வைத்துக்கொண்டு, டயர் காற்றைக் குறைத்து ஈரமண்ணில் ஏறுவது, தார் ரோட்டுக்கு வரும் முன் திரும்ப நிரப்புவது, வண்டியின் இழுவைக் கொக்கியில் மட்டும் பட்டையை மாட்டுவது என்று மூன்றையும் நான்கு முறை பழகினோம். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையை மாட்டக் கூடாது, அது தெறித்தால் குண்டு மாதிரி பாயும். ஓட்டுநர் அதைக் கேட்டுக்கொண்டு, தோட்டத்து டிராக்டரிலும் இதுவரை அப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அன்று மாலையே டிராக்டருக்கும் ஒரு ஷாக்கிள் வாங்கிக் கொடுத்தோம்.